‘கொட்’ எல்லாம் ‘இருக்கு’ ஆகாது: ஆங்கிலக் ‘கெட்’டைப் பிழையில்லாமல் கையாள

கோலாலம்பூரில் உள்ள ஒரு கிடங்கிலிருந்து வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு ஒரு மின்னஞ்சல் போகிறது: “வீ கொட் டென் யூனிட்ஸ்.” எழுதியவர் சொல்ல நினைத்தது, கையில் பத்து இருக்கிறது என்பது. படித்தவர் புரிந்துகொண்டது, பத்து வந்து சேர்ந்துவிட்டது என்பது. கணக்கு எழுதுகிறவர்களுக்கு இது இரண்டும் ஒன்றல்ல என்று தெரியும். முன்னது இருப்பு, பின்னது வரவு.

‘கெட்’ (get, இறந்தகாலத்தில் ‘கொட்’) என்ற சொல்லுக்கு அகராதியில் பக்கம் பக்கமாகப் பொருள் இருக்கும். அதை மனப்பாடம் செய்து பயனில்லை. மனதில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: ‘கெட்’ வரவைச் சொல்லும் சொல், இருப்பைச் சொல்லும் சொல் ‘ஹேவ்’. இல்லாத பொருள் கைக்கு வருவது, இல்லாத நிலை வந்து ஒட்டுவது, இல்லாத இடத்துக்கு ஆள் வந்து சேர்வது எல்லாமே வரவு. நம் ஊரில் நடக்கும் பிழைகளில் பெரும்பகுதி, வரவுச் சொல்லை இருப்புக்குப் போடுவதால் வருவது.

முதலில் ‘கொட்’டைச் சரிசெய்வோம்

நாம் பேசும் ‘கொட்’ உண்மையில் ஆங்கிலம் அல்ல, ‘இருக்கு’ என்று பொருள்படும் மலாயின் ‘அடா’. “அடா பார்க்கிங்?” என்பது “கொட் பார்க்கிங்?” ஆனது. ஹொக்கியன் பேசுபவர்களின் ‘ஊ’ என்ற சொல்லும் இதே வேலையைச் செய்வதால், பக்கத்து வீட்டுச் சீனரும் எதிர்வீட்டு மலாய்க்காரரும் நாமும் ஒரே மாதிரி ‘கொட்’ போடுகிறோம். சாலையோர ஒட்டுக்கடையில் இதைத் திருத்த வேண்டிய அவசியமே இல்லை. அங்கே அதுதான் பொதுமொழி. நேர்முகத் தேர்வு, தேர்வுத்தாள், அலுவலகக் கடிதம், வெளிநாட்டுத் தொலைபேசி என்று வரும்போதுதான் மாற்றிப் பேசத் தெரிந்திருக்க வேண்டும்.

நம் ‘கொட்’ மூன்று வேலை செய்கிறது. மூன்றுக்கும் தனித்தனி மாற்று உண்டு.

ஓர் இடத்தில் ஒன்று இருக்கிறது என்பது முதல் வேலை. “கொட் பார்க்கிங் ஆர் நாட்?” என்பதற்கு “இஸ் தேர் எனி பார்க்கிங்?” என்று கேட்க வேண்டும். “இன்சைட் கொட் பீப்பிள்” என்பது “தேர்ஸ் சம்ஒன் இன்சைட்” ஆகும். தமிழில் “இங்கே பார்க்கிங் இருக்கா?” என்று ஆள் இல்லாமல் கேட்கும் இடமெல்லாம் ‘தேர் இஸ்’.

ஒருவரிடம் ஒன்று இருக்கிறது என்பது இரண்டாவது. “யூ கொட் சேஞ்ச்?” என்பதை “டூ யூ ஹேவ் சேஞ்ச்?” என்றோ “ஹேவ் யூ கொட் சேஞ்ச்?” என்றோ கேட்கலாம். இங்கே கவனம் வேண்டும்: ‘ஹேவ் கொட்’ என்பது பார்க்க இறந்தகாலம் போல இருந்தாலும் பொருள் நிகழ்காலம்தான். “ஐவ் கொட் டூ சில்ட்ரன்” என்றால் எனக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த ‘ஐவ்’ என்பதில் உள்ள ‘வ்’ காதில் விழாத அளவுக்குச் சின்ன ஒலி. அதை விட்டுவிட்டு “ஐ கொட் டூ டிக்கெட்ஸ்” என்றால் இரண்டு டிக்கெட் கிடைத்தது, வரவு. “ஐவ் கொட் டூ டிக்கெட்ஸ்” என்றால் கையில் இருக்கிறது, இருப்பு. பேச்சில் தாய்மொழியாளர்களும் அந்த ‘வ்’வை விழுங்குவார்கள், எழுத்தில் விழுங்கக் கூடாது.

மூன்றாவது வேலைதான் நம் ஊருக்கே உரியது: நான் செய்தேன், நிஜமாகவே செய்தேன் என்று அழுத்திச் சொல்வது. “ஐ கொட் கால் யூ யெஸ்டர்டே.” மலாயில் “சாயா அடா தெலிபோன்”. தமிழில் “நேத்து கூப்பிட்டேனே!” என்று ஏகாரம் போடுவோமே, அதே அழுத்தம். ஆங்கிலத்தில் அந்த ஏகாரத்துக்குச் சரியான இணை ‘டிட்’: “ஐ டிட் கால் யூ யெஸ்டர்டே.” ‘டிட்’டை அழுத்திச் சொல்ல வேண்டும், அடுத்த வினை மாறாமல் நிற்க வேண்டும், “டிட் கால்ட்” என்று எழுதினால் பிழை. “யூ கொட் ஈட் ஆல்ரெடி?” என்பது “ஹேவ் யூ ஈட்டன்?” ஆகிவிடும். இந்த ஒரு மாற்றத்தைப் பழகினாலே பேச்சின் தோரணை பாதி மாறிவிடும்.

அடுத்து என்ன நிற்கிறது என்று பாருங்கள்

‘கெட்’டுக்குத் தனியாக நின்றால் பொருள் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். அதற்கு அடுத்து நிற்கும் சொல்தான் பொருளைத் தீர்மானிக்கும். ஆகவே வாசிக்கும்போதும் எழுதும்போதும் கண்ணை ‘கெட்’டில் வைக்காமல் அடுத்த சொல்லில் வையுங்கள்.

அடுத்து பெயர்ச்சொல் வந்தால், ‘கிடை’, ‘வாங்கு’, ‘எடுத்து வா’ ஆகிய மூன்றில் ஒன்று. “ஐ கொட் எ லெட்டர்”, எனக்குக் கடிதம் வந்தது. “ஐ கொட் சம் ஃபிஷ் அட் த மார்க்கெட்”, பசாரில் மீன் வாங்கினேன். “கேன் யூ கெட் மீ எ ஸ்பூன்?”, கரண்டி எடுத்துத் தர முடியுமா? தமிழில் “எனக்குக் கிடைத்தது” என்கிறோம். கடிதம் எழுவாய், ‘எனக்கு’ நான்காம் வேற்றுமை. ஆங்கிலத்தில் பெறுகிறவர்தான் எழுவாய். இந்தத் தலைகீழ் மாற்றம் பழகாதவர்களிடமிருந்து “டு மீ கொட் எ லெட்டர்” போன்ற வாக்கியங்கள் வரும். மனதில் ‘எனக்கு’ என்று தோன்றும்போதே வாயில் ‘ஐ’ வர வேண்டும்.

நோயும் இப்படித்தான், ஆனால் நோய்க்கு முன் ‘எ’ போடுவதா வேண்டாமா என்பது வழக்கத்தைப் பொறுத்தது. ‘எ ஃபீவர்’, ‘எ ஹெட்ஏக்’, ‘எ கோல்ட்’ என்று இவற்றுக்கு ‘எ’ வேண்டும். ‘டெங்கி’, ‘டயபிடிஸ்’ இவற்றுக்கு வேண்டாம். ‘ஃப்ளூ’வுக்கு ‘த’ போடலாம், விடலாம். “ஷீ கொட் டெங்கி லாஸ்ட் மந்த்” என்றால் போன மாதம் டெங்கி வந்தது. இன்னும் குணமாகவில்லை என்றால் ‘ஹேஸ் டெங்கி’ அல்லது ‘ஹேஸ் கொட் டெங்கி’. வந்த நாள் வரவு, படுத்திருக்கும் நாள் இருப்பு.

அடுத்து பண்புச்சொல் வந்தால், ‘ஆகு’. ‘கெட் வெட்’ ஈரமாகு, ‘கெட் டயர்ட்’ களைத்துப்போ, ‘கெட் லேட்’ நேரமாகு, ‘கெட் ஆங்க்ரி’ கோபப்படு. தமிழின் ‘வர வர’ என்ற அருமையான சொல்லுக்கு ஆங்கிலத்தில் நேர் இணை இதிலேயே இருக்கிறது: ‘இஸ் கெட்டிங்’ போட்டு, பண்பை ஒப்பீட்டு வடிவில் சொல்வது. வர வரச் சாலை நெரிசல் மோசமாகிக்கொண்டே போகிறது: “த ஜாம் இஸ் கெட்டிங் வர்ஸ்.” வர வரத் தேறுகிறார்: “ஹி இஸ் கெட்டிங் பெட்டர்.”

இங்கேதான் ஒரு பள்ளம். தமிழில் ‘ஆகு’ பண்புக்கும் வரும், பெயருக்கும் வரும்: ஈரம் ஆச்சு, டாக்டர் ஆயிட்டான். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லோடு ‘ஆகு’ என்ற பொருளில் ‘கெட்’ வரவே வராது. “ஹி கொட் எ டாக்டர்” என்றால் அவன் டாக்டர் ஆகவில்லை, டாக்டரைக் கூட்டி வந்தான். பதவி, தொழில், உறவு எல்லாவற்றுக்கும் ‘பிகேம்’ போடுங்கள்: “ஹி பிகேம் எ டாக்டர்”, “ஷி பிகேம் எ கிராண்ட்மதர்”.

இன்னொரு பள்ளம் கெட்டுப்போகும் பொருள்களில். கறி கெட்டுப் போச்சு, பால் புளிச்சுப் போச்சு, சோறு ஊசிப் போச்சு என்று நாம் ‘போ’வைச் சேர்க்கிறோம். வியப்பான ஒற்றுமை, ஆங்கிலமும் அங்கே ‘கெட்’டை விட்டுவிட்டு ‘கோ’வை எடுக்கிறது. “த கரி ஹேஸ் கான் பேட்”, “த மில்க் வென்ட் சவர்”. கண்பார்வை போவதும் (‘கோ பிளைண்ட்’), தலை வழுக்கையாவதும் (‘கோ பால்ட்’) இந்தக் கட்சி. ஆனால் தமிழில் ‘போச்சு’ வரும் எல்லா இடத்துக்கும் இதை நீட்டக் கூடாது. நனைஞ்சு போச்சு என்பது ‘கொட் வெட்’தான், பழகிப் போச்சு என்பது ‘கொட் யூஸ்ட் டு’தான். பண்டம் பழுதாவது, பார்வையோ முடியோ இழப்பது போன்ற இடங்களுக்குத்தான் இந்த விதி பிடிக்கும்.

கல்யாணத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், அவ்வளவு பேர் தவறுகிறார்கள். தமிழில் “அவளோடு கல்யாணம்”, மலாயில் ‘காவின் டெங்ஙான்’. இரண்டும் சேர்ந்து நம்மை ‘வித்’ பக்கம் தள்ளுகின்றன. ஆங்கிலத்தில் ‘கெட் மேரிட் டு’. “ஷி கொட் மேரிட் டு எ டீச்சர்.” அடுத்தது காலம்: ‘கொட் மேரிட்’ என்பது தாலி ஏறிய அந்த ஒரு நாள். “ஐ கொட் மேரிட் ஃபார் டென் இயர்ஸ்” என்றால் பத்து வருடமாகத் தாலி ஏறிக்கொண்டே இருந்தது போல ஆகிவிடும். நாளைச் சொல்ல “ஐ கொட் மேரிட் இன் 2015”, எத்தனை வருடமாக என்று சொல்ல “ஐவ் பீன் மேரிட் ஃபார் டென் இயர்ஸ்”. மறுபடியும் வரவும் இருப்பும்தான்.

இடம்: ‘டு’ எங்கே வரும், எங்கே வராது

‘கெட் டு’வுக்குப் பின் ஓர் இடப்பெயர் வந்தால் போய்ச் சேர்வது. “வாட் டைம் டிட் யூ கெட் டு ஈப்போ?” வழி கேட்கும்போது “ஹவ் டு கோ பத்து கேவ்ஸ்?” என்று கேட்பது நம் வழக்கம். சரியான கேள்வி “ஹவ் டு ஐ கெட் டு பத்து கேவ்ஸ்?” என்பது. இதில் முதல் ‘டு’ வேறு, இரண்டாவது ‘டு’ வேறு. முன்னது ‘டூ’ என்ற வினைச்சொல்லைப் பேச்சில் குறுக்கியது, பின்னது இடத்தைச் சுட்டுவது. இரண்டும் இருக்க வேண்டும். பதில் “யூ கேன் கெட் தேர் பை கமியூட்டர் ஃபுரம் கேஎல் சென்ட்ரல்” என்று வரும்.

அந்தப் பதிலில் ‘தேர்’ முன்னால் ‘டு’ இல்லை என்பதைக் கவனியுங்கள். ‘ஹோம்’, ‘ஹியர்’, ‘தேர்’ மூன்றும் தமக்குள்ளேயே ‘க்கு’வை வைத்திருக்கின்றன. நாம் “வீட்டுக்கு” என்று வாய்விட்டு ‘க்கு’ சொல்வதால் “கெட் டு ஹோம்” என்று வந்துவிடுகிறது. “ஐ கொட் ஹோம் அட் செவன்” என்பதே சரி. ‘ஸ்கூல்’, ‘ஆஃபிஸ்’ போன்ற மற்ற இடங்களுக்கு ‘டு’ திரும்ப வேண்டும்.

ஏறுவதும் இறங்குவதும்: தமிழில் பஸ்ஸிலும் ‘ஏறு’, காரிலும் ‘ஏறு’. ஆங்கிலத்தில் இரண்டு வழி. உள்ளே நின்று நடக்க முடிகிற வண்டி என்றால் ‘கெட் ஆன்’, ‘கெட் ஆஃப்’: பஸ், எல்ஆர்டி ரயில், கப்பல், விமானம். குனிந்து உள்ளே நுழைந்து உட்கார வேண்டியது என்றால் ‘கெட் இன்’, ‘கெட் அவுட் ஆஃப்’: கார், டாக்சி. மேலே ஏறி உட்காரும் மோட்டார் சைக்கிளும் சைக்கிளும் ‘ஆன்’, ‘ஆஃப்’ கட்சி. ‘இறங்கு’ என்பதை அப்படியே பிடித்து “கெட் டவுன் அட் மஸ்ஜித் ஜாமெக்” என்று சொல்வது தமிழர்களிடம் மிகப் பரவலான பிழை. மரத்திலிருந்தோ ஏணியிலிருந்தோ இறங்குவதற்குத்தான் ‘கெட் டவுன்’. “கெட் ஆஃப் அட் மஸ்ஜித் ஜாமெக்” என்று சொல்லுங்கள். ‘அலைட்’ என்பது அறிவிப்புப் பலகைக்கான சொல், பேச்சில் வேண்டாம்.

காவடி எடுத்தாரா, எடுக்க வேண்டுமா?

‘டு’வுக்குப் பின் இடம் வராமல் வினை வந்தால் பொருள் வேறு: வாய்ப்புக் கிடைத்தது. இந்த இரண்டு வாக்கியத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

“ஐ கொட் டு கேரி த காவடி திஸ் இயர்.”
“ஐவ் கொட் டு கேரி த காவடி திஸ் இயர்.”

முதலாவது, இந்த வருடம் காவடி எடுக்கும் பாக்கியம் கிடைத்தது, எடுத்து முடித்தாயிற்று. இரண்டாவது, இந்த வருடம் காவடி எடுத்தே ஆக வேண்டும். நேர்த்திக்கடன் இன்னும் நிற்கிறது. நடுவில் இருப்பது ஒரே ஒரு ‘வ்’. பேச்சில் அந்த ‘வ்’வும் போய், ‘கொட் டு’ ஒட்டிக்கொண்டு ‘கொட்டா’ ஆகும்போது அது எப்போதும் ‘வேண்டும்’ என்ற பொருள்தான். சந்தேகம் வரும் இடத்தில் ‘வேண்டும்’ என்பதற்கு ‘ஹேவ் டு’ போட்டுவிடுங்கள், குழப்பம் ஒழியும்.

‘கெட் யூஸ்ட் டு’வில் வரும் ‘டு’ இதற்கு நேர்மாறு. அதற்குப் பின் வினை வந்தால் ‘இங்’ கட்டாயம். “ஐ கொட் யூஸ்ட் டு டிரைவிங் அட் நைட்”, இரவில் ஓட்டிப் பழகிவிட்டது. ‘கொட்’டை எடுத்துவிட்டு “ஐ யூஸ்ட் டு டிரைவ் அட் நைட்” என்றால், முன்பு ஓட்டுவேன், இப்போது இல்லை. ஒரு சொல் விழுந்தால் பொருள் தலைகீழாகும் இடம் இது.

‘கெனா’வுக்கு ஆங்கிலம்

மலேசியத் தமிழில் ‘கெனா’ இல்லாமல் ஒரு நாள் ஓடாது. சமன் கெனா, ஏச்சு கெனா. நமக்கு வேண்டாதது வந்து மாட்டுவதைக் காட்டும் மலாய்ச் சொல். ஆங்கிலத்தில் இதற்கு மிக நெருக்கமானது, ‘கெட்’டோடு வினையின் மூன்றாம் வடிவம். ‘கொட் ஃபைன்ட்’ அபராதம் கெனா, ‘கொட் ஸ்கோல்டட்’ ஏச்சு கெனா, ‘கொட் ஸ்டோலன்’ திருடு போச்சு. காரை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்: “மை கார் கொட் டோட்.” ‘சம்மன்ஸ்’ பெயர்ச்சொல், கடைசி ‘ஸ்’ ஒருமையிலும் உண்டு. எனவே “ஐ கொட் எ சம்மன்ஸ்” அல்லது “ஐ கொட் ஃபைன்ட்”.

‘கெனா’வுக்கு நல்ல பக்கம் கிடையாது, ‘கெட்’டுக்கு உண்டு. ‘கெட் பெய்ட்’ சம்பளம் வருவது, ‘கெட் புரமோட்டட்’ பதவி உயர்வது. ஆனால் நல்லதோ கெட்டதோ ஒன்று நிகழ்ந்தால்தான் ‘கெட்’. “த டெம்பிள் கொட் பில்ட் இன்...” என்று வரலாறு எழுத வேண்டாம், நிதானமான அறிக்கைக்கு ‘வாஸ் பில்ட்’.

முடியை வெட்டியது யார்?

நம்மவர் ஆங்கிலத்தில் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான் என்று உறுதியாகச் சொல்லலாம். “நேத்து முடி வெட்டினேன்”, “வீட்டுக்குப் பெயின்ட் அடிச்சேன்”, “காடி சர்விஸ் பண்ணேன்” என்று தமிழில் சொல்கிறோம். வெட்டியது நாவிதர், அடித்தது பெயின்டர், பார்த்தது பட்டறைக்காரர் என்று கேட்பவருக்குத் தெரியும். ஆங்கிலத்தில் “ஐ கட் மை ஹேர்” என்றால் கத்தரிக்கோலை நீங்களே பிடித்தீர்கள். பிறரைக் கொண்டு செய்வித்ததைக் காட்ட இந்த வரிசை வேண்டும்: கெட், பிறகு பொருள், பிறகு மூன்றாம் வடிவம்.

“ஐ கொட் மை ஹேர் கட்.”
“ஐ கொட் மை கார் சர்விஸ்ட்.”
“ஐ நீட் டு கெட் மை ஏர்கான் ஃபிக்ஸ்ட்.”

இதில் இரண்டு பழுது வரும். ஒன்று வரிசை மாறுவது: “ஐ கொட் கட் மை ஹேர்.” பொருள் நடுவில் நிற்காவிட்டால் வாக்கியம் உடைந்துபோகும். ‘எதை’ என்ற கேள்விக்கான விடையை ‘கெட்’டுக்கு ஒட்டியே வையுங்கள். இரண்டாவது, கடைசி ‘ட்’ விழுவது: “கெட் மை ஏர்கான் சர்விஸ்.” மலாயில் வினைக்கு இத்தகைய கால விகுதி இல்லை, அந்தப் பழக்கம் நம் வாயிலும் ஒட்டியிருக்கிறது. எழுதி முடித்ததும் கடைசிச் சொல்லைத் தொட்டுப் பாருங்கள்: மூன்றாம் வடிவமா? ‘கட்’ போன்ற சிலவற்றுக்கு மூன்று வடிவமும் ஒன்றே, அவற்றில் பிழை வர வழியில்லை. ‘ரிப்பேர்’, ‘சர்விஸ்’, ‘ரினியூ’, ‘பெயின்ட்’ இவற்றில்தான் ‘ட்’ காணாமல் போகும். ‘கெட்’டுக்குப் பதில் ‘ஹேவ்’ போட்டாலும் இதே வரிசைதான். தொனி சற்றே கௌரவமாக இருக்கும்.

செய்கிற ஆளையும் சொல்ல வேண்டுமானால் வேறு அமைப்பு. “ஐ கொட் மை பிரதர் டு டிரைவ் மீ”, தம்பியிடம் சொல்லி ஓட்ட வைத்தேன். ‘கெட்’டில் கொஞ்சம் சம்மதிக்க வைத்த வாடை உண்டு, அதனால்தான் ‘டு’ வேண்டும். “ஐ மேட் ஹிம் டிரைவ்” என்றால் வற்புறுத்தல். அங்கே ‘டு’ கிடையாது. தமிழில் இரண்டுமே “ஓட்ட வைத்தேன்” என்பதால் இந்த வேறுபாடு கைநழுவும்.

ஒட்டுச் சொற்கள்

‘கெட்’டோடு ஒட்டும் சிறுசொற்கள் நூற்றுக்கணக்கில் உண்டு, எல்லாவற்றையும் பட்டியலாகப் படிப்பது வீண். அன்றாடத்துக்கு இவை போதும். ‘கெட் ஓவர்’ தேறி எழு. நோய்க்கும் துக்கத்துக்கும் பொருந்தும். ‘கெட் பை’ இருப்பதை வைத்துச் சமாளி. ‘கெட் அலாங் வித்’ ஒத்துப்போ. ‘கெட் த்ரூ’ லைன் கிடைப்பது, கடினமான காலத்தைத் தாண்டுவது. ‘கெட் ரிட் ஆஃப்’ ஒழித்துக்கட்டு. ‘கெட் அவே வித்’ தப்புச் செய்துவிட்டுத் தண்டனையில்லாமல் தப்பு. ‘கெட் ரவுண்ட் டு’ செய்ய நினைத்ததற்கு ஒரு வழியாக நேரம் ஒதுக்கு. இதற்குப் பின்னும் ‘இங்’தான்.

‘கெட் பேக் டு’ பற்றி ஒரு வார்த்தை. அலுவலகத்தில் “ஐ வில் ரிவர்ட் டு யூ” என்று எழுதுவது நம் நாட்டில் வழக்கமாகிவிட்டது. ‘ரிவர்ட்’ என்றால் பழைய நிலைக்குத் திரும்புவது. பதில் சொல்வது என்ற பொருள் இங்கெல்லாம் செல்லும், எல்லா நாட்டிலும் செல்லாது. “ஐ வில் கெட் பேக் டு யூ பை ஃபிரைடே” என்பது எங்கும் புரியும்.

புரிந்தது என்பதற்கு “கொட் இட்” போதும். “ஐ டோன்ட் கெட் யூ” என்பது முகத்தில் அடித்த மாதிரி இருக்கும், ஆளைப் புரியவில்லை என்று சொல்லாமல் விஷயம் புரியவில்லை என்று சொல்லுங்கள்: “ஐ டோன்ட் குவைட் கெட் தட்.” அதுபோல “கெட் மீ த ஃபைல்” என்பது “ஃபைலை எடு” என்ற அதட்டல். “குட் யூ கெட் மீ த ஃபைல்?” என்பது “கொஞ்சம் எடுத்துத் தர்றீங்களா?” என்ற மரியாதை. வயதில் மூத்தவரிடம் தமிழில் எப்படிக் கேட்பீர்களோ அந்த அளவு ஆங்கிலத்திலும் நீட்டிக் கேளுங்கள்.

எங்கே தவிர்ப்பது

பள்ளியில் ‘கெட்’ போட்டால் மதிப்பெண் குறையும் என்று சொல்லி வைத்திருப்பார்கள். அது அரை உண்மை. ஐந்தாம் படிவ மாணவர்கள் எழுதும் எஸ்பிஎம் தேர்வின் ஆங்கில எழுத்துத் தாளில் முதல் பகுதி நண்பருக்கு எழுதுவது போன்ற சுமார் 80 சொல் மின்னஞ்சல். அங்கே ‘கெட்’டை ஒதுக்கி ‘அப்டெய்ன்’ என்று எழுதினால்தான் செயற்கையாக இருக்கும். 200 முதல் 250 சொல் வரையிலான மூன்றாம் பகுதியில் அறிக்கையோ கட்டுரையோ எழுதும்போது மாற்றுங்கள்: கிடைத்ததற்கு ‘ரிசீவ்’, முயன்று பெற்றதற்கு ‘அப்டெய்ன்’, ஆனதற்கு ‘பிகம்’, சேர்ந்ததற்கு ‘அரைவ் அட்’, புரிந்ததற்கு ‘அண்டர்ஸ்டாண்ட்’. ஒரே பத்தியில் ‘கெட்’ மூன்று தடவை வந்தால் இரண்டையாவது மாற்றிவிடுங்கள்.

‘கொட்டன்’ பற்றியும் கேள்வி வரும். ‘கெட்’ வைக்கிங்குகள் பேசிய பழைய நோர்ஸ் மொழியின் ‘கெட்டா’விலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். மூன்றாம் வடிவமாக ஒரு காலத்தில் இங்கிலாந்திலும் ‘கொட்டன்’ இருந்தது. பிறகு பிரிட்டிஷார் அதைக் கைவிட்டார்கள், அமெரிக்கர்கள் வைத்துக்கொண்டார்கள். அமெரிக்கர்களிடம் ‘ஹேவ் கொட்’ இருப்பு, ‘ஹேவ் கொட்டன்’ வரவு என்று அழகாகப் பிரியும். நம் பள்ளிகள் பிரிட்டிஷ் வழியில் வந்தவை. ஆகவே ‘கெட், கொட், கொட்’. ‘ஃபர்கொட்டன்’ மட்டும் இரு நாட்டிலும் நிலைத்துவிட்டது.

ஒரு புலன (வாட்ஸ்அப்) செய்தியைப் பழுதுபார்ப்போம்

“பாஸ், டுடே ஐ கொட் ஃபீவர். லாஸ்ட் நைட் ஐ கொட் கோ கிளினிக், டாக்டர் கொட் கிவ் எம்சி டூ டேஸ். மை கார் ஆல்சோ கொட் பிராப்ளம், டுமாரோ ஐ ரிப்பேர். கொட் எனிதிங் அர்ஜன்ட், கால் மீ.”

ஐந்து ‘கொட்’, ஒன்றுகூட வரவு இல்லை. காய்ச்சல் இப்போது உடம்பில் இருக்கிறது, அதனால் “ஐ ஹேவ் எ ஃபீவர் டுடே”, ‘எ’யும் வந்துவிட்டது. கிளினிக்குக்குப் போனது நேற்று நடந்து முடிந்தது; யாரும் மறுக்கவில்லை, அழுத்தம் தேவையில்லை, எனவே ‘டிட்’டும் வேண்டாம்: “ஐ வென்ட் டு த கிளினிக் லாஸ்ட் நைட்.” எம்சி, அதாவது மருத்துவ விடுப்புச் சான்றிதழ், கொடுத்தது டாக்டர்: “த டாக்டர் கேவ் மீ டூ டேஸ் எம்சி.” இதையே உங்களை எழுவாயாக்கி “ஐ கொட் டூ டேஸ் எம்சி” என்றும் எழுதலாம், இங்கே ‘கொட்’ தன் சொந்த வேலையைச் செய்கிறது, ஏனென்றால் எம்சி உண்மையாகவே கைக்கு வந்தது. காரின் கோளாறு இருப்பு: “தேர்ஸ் எ பிராப்ளம் வித் மை கார் டூ.” நாளைக்குப் பழுதுபார்க்கப் போவது பட்டறைக்காரர்: “ஐல் கெட் இட் ஃபிக்ஸ்ட் டுமாரோ.” கடைசி வரியில் ‘இருந்தால்’ என்ற நிபந்தனை ஒளிந்திருக்கிறது, அதை வெளியே கொண்டுவர வேண்டும்: “இஃப் தேர்ஸ் எனிதிங் அர்ஜன்ட், பிளீஸ் கால் மீ.”